புறநகர் கற்ற பாடம்

2020-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதம மந்திரி டெலிவிஷனில் பேசினார். அன்று நள்ளிரவு முதல் இருபத்தொரு நாள் தேசம் முழுவதும் ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வரலாகாது என்றார். தமிழ்நாட்டிலோ அன்று மாலை ஆறு மணிக்கே தடையுத்தரவு அமுலுக்கு வந்திருந்தது. இருபத்தொரு நாள் என்று ஆரம்பித்த ஊரடங்கு மே மாத முடிவு வரை நீண்டது, பிறகு தளர்ந்தது, ஜூனில் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மறுபடி இறுகியது, 2021 மே மாதத்தில் நோயின் இரண்டாவது அலையோடு இன்னொரு முறை வந்தது. இவை நடந்து வருஷங்கள் சென்றுவிட்டன. அந்த நாட்களைப் பற்றி இன்று யாரைக் கேட்டாலும், "எப்படியோ பழகிக்கொண்டோம்" என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். அந்த "எப்படியோ" என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். பழகிக்கொண்டவர் யார், அந்தப் பழக்கத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்று விசாரியாமல் விட்டால், அடுத்த கொள்ளைநோய் வரும்போதும் "எப்படியோ" என்ற சொல் ஒன்றுதான் நம் கையில் மிஞ்சும்.

பெருநகரத்தின் நடுவில் இருப்பவனுக்கு ஊரடங்கு ஒரு விதம். கிராமத்தில் இருப்பவனுக்கு வேறு விதம். புறநகரில் இருப்பவன் கதை தனி. சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ரயில் பாதையை ஒட்டி நீண்டு கிடக்கும் ஊர்களை எடுத்துக்கொள்வோம். 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்த ஊர்களை வளர்த்ததில் அந்த ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கே குடியிருக்கும் பலருக்கு உத்தியோகம் ஓரிடத்தில், கடை கண்ணி வேறிடத்தில், ஆஸ்பத்திரி இன்னோரிடத்தில். சொந்த ஊரில் அவர்களுக்கு இருப்பது படுக்கை ஒன்றுதான். விடியற்காலையில் ரயிலேறி இரவில் திரும்புகிறவனுக்குத் தன் தெருவின் பெயர் தெரியும். அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாது.

மார்ச்சு 22-ந் தேதி நள்ளிரவுடன் அந்த ரயில் நின்றது. அத்தியாவசிய வேலைக்காரர்களுக்காக அக்டோபரில்தான் திரும்ப ஓடியது. பொது ஜனங்கள் ஏற டிசம்பர் ஆயிற்று, அதுவும் நெரிசல் நேரம் நீங்கலாக. ஒன்பது மாத காலம் புறநகர்வாசி தன் ஊரிலேயே பகலைக் கழித்தான். அவனில் பலருக்கு வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

முதலில் பழக வேண்டியது வயிற்றுப்பாட்டுக்கு. மளிகைக் கடைகள் காலை ஆறு மணி முதல் பிற்பகல் இரண்டரை மணி வரை என்றார்கள்; ஏப்ரல் 5-ந் தேதி முதல் அது ஒரு மணியாகக் குறைந்தது. கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக நின்றார்கள். பெரிய அங்காடிகளுக்கும் கைத்தொலைபேசி வியாபாரத்துக்கும் பழகியிருந்த குடும்பங்கள் தெருமுனை அண்ணாச்சி கடைக்குத் திரும்பின. அண்ணாச்சிக்கு யார் வீட்டில் எத்தனை பேர், யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்குக் கடன் கொடுத்தால் திரும்பும் என்று தெரியும். எந்தச் சர்க்கார் ஆபீஸிலும் இல்லாத கணக்கு அது. பருப்பும் எண்ணெயும் தட்டுப்பட்ட வாரங்களில், ஒருவனே அள்ளிப் போகாமல் வீட்டுக்கு ஒரு கிலோ என்று பங்கிட்டுக் கொடுத்த கடைக்காரர்கள் உண்டு. இதுதான் சமயம் என்று விலையை ஏற்றியவர்களும் உண்டு. இரண்டையும் புறநகர் கண்டது.

காய்கறிக்குச் சென்னை நம்பியிருப்பது கோயம்பேட்டை. ஏப்ரல் மாதக் கடைசியில் அந்தச் சந்தையே நோய் பரவும் இடமாயிற்று. மே 5-ந் தேதி அதை மூடினார்கள்; திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைத்தார்கள். இடையில் தெருத்தெருவாக வந்து காப்பாற்றியவர் தள்ளுவண்டிக்காரரும் மூன்று சக்கர வண்டிக்காரருமே. முன்னாளில் ஐந்து ரூபாய்க்கு அவர்களோடு வாதாடியவர்கள் மாடியிலிருந்து கூடையை இறக்கி, கேட்ட விலை கொடுத்து வாங்கினார்கள். ஆட்டோ ஓட்டி வந்தவரும் பந்தல் வேலை செய்து வந்தவரும் பிழைப்பு இழந்து அந்தத் தொழிலுக்கு வந்ததையும் நாம் அறிவோம். டீக்கடைகள் மே 11-ந் தேதிதான் திறந்தன, அதுவும் வாங்கிக்கொண்டு போவதற்கு மட்டும். சவரக் கடைகள் சென்னையில் ஜூன் பிறந்துதான் திறந்தன. அன்றாடம் கத்தி பிடித்து அன்றாடம் உண்ணும் குடும்பம் அறுபது நாளுக்கு மேல் என்ன உண்டது என்ற கேள்வியை அந்தக் கடையில் தலை கொடுக்கும் நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

வீட்டுக்குள் நடந்தது வேறு. ஆண்கள் பலர் தங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வேலை நடக்கிறது என்பதை முதன் முதலாகக் கண்டார்கள். கண்டவர்களில் சிலர் கை கொடுத்தார்கள். பலர் நாலாவது தடவையாகக் காப்பி கேட்டார்கள். வீட்டிலிருந்தே உத்தியோகம் பார்க்கலாம் என்ற சலுகை கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அந்த வீட்டில் அடுப்படிக்கு விடுமுறை ஏது? பள்ளிக்கூடம் கைத்தொலைபேசிக்குள் வந்து புகுந்தது. ஒரே தொலைபேசி உள்ள வீட்டில் அண்ணன் படித்தால் தங்கைக்குப் பாடமில்லை. அந்தத் தொலைபேசியைத் தகப்பனார் வேலைக்கு எடுத்துப் போனால் இருவருக்குமே பாடமில்லை. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையிலுள்ள குழந்தைகள் மறுபடியும் பள்ளிக்கூட வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. 2020-ல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை வகுப்பறையைக் காணாமலே இரண்டாம் வகுப்புக்குப் போயிற்று. அந்த நஷ்டத்தை ஈடு செய்யவே பிற்பாடு தெருவிலுள்ள தன்னார்வலர்களைக் கொண்டு "இல்லம் தேடிக் கல்வி" என்று ஒரு திட்டம் போட வேண்டி வந்தது.

கதவை அடைத்துக்கொண்டு இருப்பதும் ஒரு சௌகரியந்தான். அந்தச் சௌகரியம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்களை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் வாசலிலேயே நிறுத்தின. வேலைக்கு வராத மாதங்களுக்கும் சம்பளம் அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அவர்களை நாம் வணங்குகிறோம். அனுப்பாதவர்கள் தங்கள் மனச்சாட்சிக்குப் பதில் சொல்லிக்கொள்ளட்டும். ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெயும் 2020 ஏப்ரலில் கிடைத்தன. அம்மா உணவகங்கள் திறந்திருந்தன. இவை பசியைத் தடுத்தன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் புறநகரில் எழும்பிக்கொண்டிருந்த மாடி வீடுகளுக்குக் கல்லும் மண்ணும் சுமக்க வந்த பீகார், ஒடிஸா, வங்காளத் தொழிலாளர்களுக்கு இங்கே ரேஷன் கார்டு ஏது? அவர்களைச் சொந்த ஊருக்கு ஏற்றிச் செல்ல மே 1-ந் தேதி முதல்தான் ரயில்கள் விடப்பட்டன. அதுவரை கட்டி முடியாத சுவர்களுக்கிடையே அவர்கள் காத்துக் கிடந்தார்கள்.

இவர்கள் எல்லோரையும் விட நாம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது தூய்மைப் பணியாளரை. ஊர் முழுவதும் அடைபட்ட நாளிலும் காலையில் அவர் வண்டி வந்தது. நோயாளி வீட்டுக் குப்பையையும் அவர்தான் எடுத்தார். மார்ச்சு 22-ந் தேதி மாலை தேசமே வாசலில் நின்று கை தட்டியது. கை தட்டியதோடு கடமை தீர்ந்தது என்று நினைத்துவிட்டோம் போலும். 2025 ஆகஸ்டில், தங்கள் வேலையைத் தனியார் கம்பெனி வசம் விடலாகாது என்று கேட்டு, சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக உட்கார்ந்திருந்த அதே தொழிலாளரைப் போலீஸார் நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். ஐந்தரை வருஷத்துக்குள் கை தட்டிய ஓசை காற்றோடு போயிற்று.

பயம் மனிதனை என்ன செய்யும் என்பதையும் அந்த நாட்கள் காட்டின. நோய் கண்ட வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நேற்று வரை சிரித்துப் பேசியவர்கள் அந்த வீட்டுப் பக்கம் பாராமல் நடந்தார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யும் தொழிலிலிருந்த டாக்டர் ஒருவரே நோய்க்குப் பலியானபோது, அவர் சடலத்தைப் புதைக்கக் கூடாதென்று ஒரு கும்பல் கல்லெறிந்தது. இந்த வெட்கக்கேட்டை மறைப்பதற்கில்லை. ஆனால் அதே ஊர்களில், தகரம் அடித்த வீட்டுக்குச் சுவர் மேலாகப் பாலும் மருந்தும் கொடுத்த அண்டை வீட்டார் இருந்தார்கள். கபசுரக் குடிநீரைக் காய்ச்சித் தெருவுக்கெல்லாம் வழங்கிய வாலிபர் சங்கங்கள் இருந்தன. தனியாக வாழும் கிழவர் கிழவிகளின் கணக்கெடுத்துச் சோறு கொண்டுபோன மாதர்கள் இருந்தார்கள். எந்த உத்தரவும் இவர்களை ஏவவில்லை.

உத்தரவுகளைப் பற்றி இனிப் பார்ப்போம். சென்னை, கோயம்புத்தூர், மதுரை நகரங்களில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் கடைகள் அடைபடும் என்று 24-ந் தேதி அறிவித்தார்கள். மறுநாள் 25-ந் தேதி என்ன ஆயிற்று? ஒரு மாதமாக விலகி விலகி நின்ற ஜனங்கள் ஒரே நாளில் கடைகளில் தோளோடு தோள் மோதினார்கள். கூட்டத்தைத் தடுக்கப் போட்ட உத்தரவே கூட்டத்தைச் சேர்த்தது. ஊர் விட்டு ஊர் போக இ-பாஸ் வேண்டும் என்றார்கள். தாய் தகப்பனார் மரணத்துக்குப் போக விரும்பியவனும் கம்ப்யூட்டரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கும் என்ற நிலை ஆகஸ்டு 17-ல்தான் வந்தது. இராஜ்யத்துக்குள் அந்தச் சீட்டே வேண்டாம் என்றது செப்டம்பரில்.

உத்தரவைச் சுமந்து வந்தது போலீஸ் தடி. புறநகர் மெயின் ரோட்டில் மருந்து வாங்கப் போனவனும் வேடிக்கை பார்க்கப் போனவனும் அந்தத் தடிக்கு ஒன்றே. கடை அடைக்கும் நேரம் என்ற சிறிய விஷயம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைத் தூத்துக்குடி ஜில்லாவில் சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூனில் அதன் பேரில் பிடிக்கப்பட்ட தகப்பனும் மகனும் போலீஸ் ஸ்டேஷனில் பட்ட சித்திரவதைக்குப் பின் உயிர் நீத்தார்கள். போலீஸார் மீதே சி.பி.ஐ. கொலைக் குற்றம் சாட்டியது.

கையாண்ட சட்டத்தையும் கவனிக்க வேண்டும். ஊரடங்குக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட சட்டங்களில் ஒன்று 1897-ம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது அந்நிய சர்க்கார் அவசரமாகச் செய்த சட்டம் அது. புனாவில் பிளேக் தடுப்பு என்ற பெயரால் வீடு புகுந்து நடந்த அட்டூழியங்களும், அந்த வருஷமே லோகமான்ய திலகர் ராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சிறை சென்றதும் சரித்திரம். உத்தரவிடும் அதிகாரம் சர்க்காருக்கு, கீழ்ப்படியும் கடமை ஜனங்களுக்கு என்பதற்கு மேல் அந்தச் சட்டத்தில் அதிகமில்லை. இதற்கு மாறாக, நமது மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை காலத்தில் 1939-ல் செய்த பொதுச் சுகாதாரச் சட்டம் குடிதண்ணீர், சாக்கடை, தொற்றுநோய் முதலிய விஷயங்களில் ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கடமைகளை வகுத்தது. நோயைத் தடுக்கும் வேலை தெருவில் நடக்க வேண்டிய வேலை என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

அப்படியானால் 2020-ல் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் அந்த ஸ்தல ஸ்தாபனம் எங்கே இருந்தது? இதுவே நாம் கேட்க விரும்பும் பிரதான கேள்வி. தமிழ்நாட்டு நகரங்களில் 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில்களின் ஆயுள் 2016 அக்டோபரில் முடிந்தது. ஒரு கவுன்சிலின் காலம் ஐந்து வருஷம், அது முடியுமுன் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. வழக்கு என்றும் வார்டு மறுவரையறை என்றும் காரணங்கள் சொல்லப்பட்டன. தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19-ந் தேதி. இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகளின் ஆட்சி. கிராமங்களிலாவது ஆறுதல் உண்டா என்றால், 2019 டிசம்பரில் மற்ற ஜில்லாக்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் உள்ளிட்ட ஒன்பது ஜில்லாக்கள் விடுபட்டுப் போயின. அங்கே தேர்தல் 2021 அக்டோபரில். ஆகவே தாம்பரம் முனிசிபாலிடிக்கும் கவுன்சில் இல்லை. அதைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கும் தலைவர் இல்லை. நூறாண்டில் காணாத நோய் வந்த வேளையில், புறநகர்வாசி கதவைத் தட்டி "எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை, எங்கள் தெருவில் பத்துக் குடும்பம் பட்டினி" என்று சொல்ல ஓட்டுப் போட்டு அமர்த்திய கவுன்சிலரோ ஊராட்சித் தலைவரோ ஒருவர்கூட ஊரில் இல்லை. மேலிருந்து உத்தரவு வர வழி இருந்தது. கீழிருந்து குறை போக வழி இருக்கவில்லை.

சிலர் ஆட்சேபிப்பார்கள். கொள்ளைநோய் காலத்தில் வேண்டியது வேகம். கூட்டம் போட்டுப் பேச நேரமேது என்பார்கள். கவுன்சிலர்களின் லட்சணம் தெரியாதா, அவர்கள் இருந்திருந்தால் நிவாரண அரிசியிலும் கமிஷன் பார்த்திருப்பார்கள் என்பார்கள். கவுன்சிலர்களில் யோக்கியர் அல்லாதார் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அயோக்கியனான கவுன்சிலரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். தவறு செய்யும் தனி அதிகாரியை ஜனங்கள் என்ன செய்ய முடியும்? வேகத்தைப் பற்றிய வாதமும் நிற்காது. சென்னையில் நோயை மடக்க உதவியவை எவை? வீடு வீடாகச் சென்று காய்ச்சல் விசாரித்ததும், தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் நடத்தியதும், அடைபட்ட வீடுகளுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கத் தன்னார்வலர்களை அமர்த்தியதும் அவற்றில் முக்கியமானவை. இவையெல்லாம் தெருவை அறிந்தவர் செய்யும் வேலை. தலைமைச் செயலகத்திலிருந்து பார்த்தால் ஜில்லா தெரியும்; வார்டு தெரியாது.

1882-ல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானம் செய்தபோது, ஜனங்கள் அரசியல் பயிற்சி பெறும் பள்ளிக்கூடமாக ஸ்தல ஸ்தாபனங்கள் இருக்கும் என்று கருதினார். அந்நியனான வைஸ்ராய்க்கு இருந்த அந்த நம்பிக்கை நம்மவர் நடத்தும் சர்க்காருக்கு ஐந்து வருஷ காலம் இல்லாமல் போனது வேதனை. பொறுப்பு ஒரு கட்சியுடையதென்று நாம் சொல்லவில்லை. ஸ்தல ஸ்தாபனத்தைத் தன் கைக்கு அடக்கமாக வைத்திருக்க விரும்பாத மந்திரிசபையை நாம் இன்னும் காணவில்லை.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முனிசிபாலிடிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது, எழுபது வார்டுகள், தேர்ந்தெடுத்த கவுன்சில். 2022-ல் வார்டு கமிட்டிகளுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டு, அந்த நவம்பர் 1-ந் தேதி பகுதி சபைகள் கூடின. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் 2025 ஜனவரியில், முன்பு தேர்தல் நடந்த ஜில்லாக்களில் கிராம ஊராட்சிகளின் காலம் முடிந்தபோது, தேர்தலுக்குப் பதில் மறுபடியும் தனி அதிகாரிகளே வந்தார்கள். பாடம் படித்தாகிவிட்டது என்று நினைப்பதற்கில்லை.

நமது யோசனைகள் சிலவே. ஸ்தல ஸ்தாபனத்தின் காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும். மறுவரையறை முதலிய காரியங்களுக்கு ஐந்து வருஷம் அவகாசம் இருக்கும்போது கடைசி மாதத்தில் அவற்றைக் காரணம் காட்டுவது ஏற்கத்தக்கதல்ல. ஒவ்வொரு பகுதி சபையும் தன் எல்லைக்குள் தனியாக வாழும் முதியோர், அன்றாடக் கூலிக்காரர், ரேஷன் கார்டு இல்லாத வெளியூர்த் தொழிலாளர் ஆகியோரின் ஜாப்தாவை வைத்திருக்க வேண்டும். நோய் வந்த பிறகு அதைத் தயாரிக்க நேரம் இராது. கொள்ளைநோய்க் காலத்து உத்தரவுகளுக்கு ஜனங்களுக்கு உரிய அவகாசமும், உத்தரவால் பிழைப்பு இழப்பவனுக்கு நிவாரணமும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். தெருவைச் சுத்தம் செய்து ஊரைக் காப்பவனுக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் வேண்டும்.

சர்க்காரிடம் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. அரசியலில் ஈடுபட்ட தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டசபைத் தேர்தலுக்குக் காட்டும் உற்சாகத்தில் கால் பங்கைப் பகுதி சபைக் கூட்டத்துக்குக் காட்டுங்கள். கூடாத சபையைக் கூட்டச் சொல்லுங்கள். கூடிய சபையில் வாய் திறந்து பேசுங்கள். 2020-ல் கூடையில் காய்கறி ஏற்றிய கையும், சுவர் மேலாக மருந்து நீட்டிய கையும் இன்னும் இந்தத் தெருக்களில் இருக்கின்றன. ரயில் திரும்ப ஓடத் தொடங்கியதும் பழையபடி ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாதவர்களாக ஆகிவிட்டோமானால், அந்த ஒன்பது மாதமும் வீண். சொந்த ஊரில் பகலைக் கழித்துக் கற்றதைச் சொந்த ஊரை ஆள்வதில் காட்டினால், கொள்ளைநோய்க்குப் பலியானவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவாகவே இருக்கும்.